கடனுக்கு ஒரு கடை, ரொக்கத்துக்கு ஒரு கடையா?



மாதம் பிறந்தால் ஒவ்வொரு வீட்டிலும் எழும் கேள்வி ஒன்று உண்டு. இந்த மாதத்துச் சாமான்களை எங்கே வாங்குவது? தெருக்கோடியிலுள்ள மளிகைக் கடையிலா, கடைவீதியில் கண்ணாடிக் கதவு போட்ட சூப்பர் மார்க்கெட்டிலா? அங்கே பருப்பு இரண்டு ரூபாய் குறைவு; இங்கே கேட்டவுடன் வீட்டுக்கு வந்துவிடும். அங்கே கைநிறையப் பணம் வேண்டும். இங்கே நோட்டில் எழுதிக்கொள்வார்கள். புருஷன் ஒன்று சொல்வார், மனைவி ஒன்று சொல்வாள். கடைசியில் எங்கேயோ வாங்கி அடுப்பு எரிகிறது.

“இது சமையலறைக் காரியம்; ஞான காரியத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?” என்று சிலர் கேட்கலாம். சம்பந்தம் உண்டு. ஏழாம் கற்பனை என்றவுடன் பூட்டை உடைக்கும் கள்வன்தான் நம் நினைவுக்கு வருகிறான். ஆனால் மனிதருக்குள் நடக்கும் கொடுக்கல் வாங்கல் முழுவதும் அந்தக் கற்பனைக்குள் அடங்கும் என்பதே திருச்சபையின் போதனை. விற்கிறவர் கடைப்பிடிக்க வேண்டிய நீதியைப்பற்றி நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். மரக்காலைச் சிறிதாக்கி, தராசைக் கோணலாக்கி ஏழைகளை ஏய்த்த வியாபாரிகளை ஆமோஸ் தீர்க்கதரிசி கடுமையாகக் கண்டித்தார். வாங்குகிறவர் கடைப்பிடிக்க வேண்டிய நீதியைப்பற்றியோ அவ்வளவாகப் பேச்சில்லை. நம்மில் கடை வைத்திருப்பவர் சிலரே, வாங்குகிறவர் எல்லோரும். ஆகவே இந்த வாரம் அதைச் சற்று ஆராய்வோம்.

விலை விசாரிப்பது குற்றமா?

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். நாலு இடத்தில் விலை விசாரித்து, மலிவான இடத்தில் நல்ல சரக்கை வாங்குவது பாவமல்ல. குடும்பத்தை நடத்துகிறவளுக்கு அது கடமை. தறியில் உட்கார்ந்தோ, ரயிலேறிச் சென்னைக்குப் போய் வேலை செய்தோ கொண்டுவந்த பணம் அது. அரிசியில் மிச்சமாகும் முப்பது ரூபாய் பிள்ளைக்கு நோட்டுப் புத்தகமாகும், கிழவிக்கு மருந்தாகும். கணக்குப் பாராமல் செலவழிப்பது தாராள குணமல்ல, அசட்டை.

ஆனால் ஒப்பிடுகிறவர் சரியாக ஒப்பிட வேண்டும். பொட்டலத்தின் விலையைப் பார்த்தால் போதாது, எடையையும் பார்க்கவேண்டும். உதாரணத்துக்கு, ஒரு கடையில் துவரம்பருப்புப் பொட்டலம் 82 ரூபாய், வேறொரு கடையில் 76 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 76 தான் மலிவு என்று கை அதற்குப் போகும். திருப்பிப் பார்த்தால் முன்னது 500 கிராம், பின்னது 450 கிராம். கிலோவுக்குக் கணக்கிட்டால் முன்னது 164 ரூபாய். பின்னது ஏறக்குறைய 169 ரூபாய். மலிவு என்று எடுத்ததே விலை அதிகம்! இந்த மயக்கம் நேராதிருக்கவே, பொட்டலத்தில் அடைத்து விற்கும் பொருள்களின்மேல் ஒரு கிராமுக்கோ கிலோவுக்கோ இன்ன விலை என்றும் அச்சிடவேண்டுமென்று மத்திய சர்க்கார் 2021-ல் விதிகளைத் திருத்தியது. அந்தச் சின்ன எழுத்தைப் படிக்கப் பிள்ளைகளைப் பழக்குங்கள்.

பொட்டலத்தில் அச்சிட்ட ‘அதிகபட்ச சில்லறை விலை’ என்பதையும் பலர் தவறாக எண்ணுகிறார்கள். அது உச்ச வரம்பு. அதற்கு மேல் ஒரு பைசா கேட்பது சட்டப்படி குற்றம். அதற்குக் குறைத்து விற்பதில் தடையில்லை. ஆகவே அச்சிட்ட விலையில் ஐந்து ரூபாய் தள்ளிக் கொடுத்தால் அது அற்புதமுமல்ல, அச்சிட்ட விலைக்கே விற்றால் அது கொள்ளையுமல்ல.

பெரிய கடையின் நன்மைகள்

சூப்பர் மார்க்கெட் என்றாலே ஏதோ பொல்லாதது என்று பேசுவதும் நியாயமல்ல. அமெரிக்காவில் மெம்பிஸ் நகரத்தில் 1916-ல் ஒரு வியாபாரி, ஜனங்கள் தாங்களே அலமாரியிலிருந்து சாமானை எடுத்துக்கொண்டு வாசலில் பணம் கட்டும்படி ஒரு கடை திறந்தார். அதுவரை பெரும்பாலும் கடைக்காரரோ அவருடைய ஆளோதான் எடுத்து, நிறுத்து, கட்டிக் கொடுப்பது வழக்கம். அந்த வேலையை வாங்குகிறவரே செய்தபடியால் கூலி குறைந்தது, விலையும் குறைந்தது. மொத்தமாய் வாங்குவதாலும், இடைத்தரகர் இல்லாததாலும் விலை மேலும் இறங்குகிறது. இது ஏமாற்று வேலையல்ல, நல்ல நிர்வாகம்.

வேறொரு நன்மையும் உண்டு. அங்கே எல்லோருக்கும் ஒரே விலை. காரில் வந்தவருக்கும், செருப்பில்லாமல் வந்தவருக்கும், பள்ளிக்கூடச் சிறுவனுக்கும் ஒரே விலை. “நீ யார் வீட்டுப் பிள்ளை?” என்று யாரும் கேட்பதில்லை. பேரம் பேசத் தெரியாதவள் ஏமாறுவதில்லை. ரசீது அச்சாகி வருகிறது. முகம் பார்த்து விலை சொல்லும் வழக்கத்தால் எளிய ஜனங்கள் பட்ட அவமானம் நமக்குத் தெரியும். ஒரே விலை என்பது நீதிக்கு நெருங்கிய காரியம்.

ஆனால் அங்கே நமக்குக் காவலாய் நிற்பவர் நாமே. வாங்க நினைத்துப் போனது எட்டுச் சாமான். கூடையில் விழுவது பதினைந்து. இரண்டு வாங்கினால் ஒன்று இனாம் என்றால், ஒன்றுகூடத் தேவையில்லாதவரும் இரண்டு வாங்குகிறார். இது கடையின் குற்றம் என்பதைவிட நம் ஆசையின் குற்றம். எழுதிய சீட்டோடு போய் அதோடு திரும்புகிறவருக்குத்தான் அங்கே உண்மையான மலிவு.

சின்னக் கடையின் விலைக்குள் என்ன இருக்கிறது?

இப்போது தெருக்கோடிக் கடைக்கு வருவோம். அவர் பருப்புக்குச் சொல்லும் விலையில் பருப்பு மட்டும் இல்லை. ஐந்து ரூபாய்க்குச் சீரகம் கேட்டாலும் மடித்துக் கொடுப்பார். மழையில் நனைந்து வந்த குழந்தையிடம் சில்லறையைச் சரியாய் எண்ணிக் கொடுத்தனுப்புவார். இந்தத் தடவை வந்த உளுந்து சரியில்லை, வேண்டாம் என்று தாமே தடுப்பார். கேளாமலே கொஞ்சம் கறிவேப்பிலையைக் கொசுறாகப் போடுவார். 2020-ல் ஊரடங்கு வந்து, பஸ்ஸும் ரயிலும் நின்று, ஜனங்கள் வீட்டைவிட்டு நெடுந்தூரம் போகமுடியாதிருந்த நாட்களில், நடந்துபோய் வாங்கக்கூடிய தூரத்தில் இருந்தது இந்தக் கடைதான்.

எல்லாவற்றிலும் பெரியது அந்தக் கணக்கு நோட்டு. நம் ஊரைச் சுற்றிப் பள்ளிப்பட்டு, பொதட்டூர்ப்பேட்டை, ஆர். கே. பேட்டைப் பக்கங்களில் தறியை நம்பிய குடும்பங்கள் அநேகம். நூல் விலை ஏறினால், ஆர்டர் நின்றால், தறி நிற்கும். தறி நின்றாலும் வயிறு நிற்காது. அந்த வாரங்களில் அரிசியும் எண்ணெயும் எங்கிருந்து வருகின்றன? ஜாமீனும் கேளாமல், பத்திரமும் எழுதாமல், பெயரையும் தொகையையும் மட்டும் குறித்துக்கொண்டு கொடுக்கிறாரே, அவரிடமிருந்துதான்.

இதற்கும் ஒரு விலை போட்டுப் பார்க்கலாம். ஒரு குடும்பம் மாத முதலில் 4,000 ரூபாய்க்குச் சாமான் வாங்கி மாதக் கடைசியில் பணம் கொடுக்கிறது என்போம். அதே சாமான் சூப்பர் மார்க்கெட்டில் 3,800 ரூபாய். 200 ரூபாய் மிச்சம். ஆனால் அங்கே ரொக்கம் வேண்டும். அந்த ரொக்கத்தை நூற்றுக்கு மூன்று வட்டிக்குக் கைமாற்று வாங்கினால் மாதத்துக்கு ஏறத்தாழ 115 ரூபாய் வட்டி. ஆட்டோவுக்கு 50 ரூபாய் என்றால், மிச்சம் 35 ரூபாய். கையில் ரொக்கம் உள்ளவருக்கு, நடந்துபோகக் கூடியவருக்கு, 200 ரூபாயும் மெய்யாகவே மிச்சம்தான், அதை மறுக்கவில்லை. ஆனால் கடனுக்கு வாங்குகிறவர், “அவர் 200 ரூபாய் அதிகம் வாங்கிவிட்டார்” என்று சொல்வது சரியல்ல. அவர் பருப்போடு கடனும் கொடுத்தார். நாம் பருப்பின் விலையை மட்டும் ஒப்பிடுகிறோம்.

வாங்குகிறவர் செய்யும் அநீதி

இப்போதுதான் நம் தலைப்புக்கு வருகிறோம். பல வீடுகளில் இன்று நடப்பது இது: கையில் காசில்லாத இருபது நாளும் தெருக்கோடிக் கடை. சம்பளம் வந்த அன்று கடைவீதிக் கடை. பாக்கியில் பாதியைக் கொடுத்து, “மீதி அடுத்த மாதம்” என்று சொல்லி, கைப்பணத்தை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிடுகிறோம். இன்னும் சிலர் அந்தப் பாதியையும் கொடாமல், கடை வாசலைத் தவிர்த்து அடுத்த தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு போகிறார்கள். வயோதிகத்தில் இருக்கும் ஒரு கடைக்காரருக்கு நம் முகம் தெரியாதென்றா? பையைப் பார்த்தாலே எந்தக் கடைப் பை என்று தெரிந்துவிடும்.

இதை அலசும்போது அர்ச். அகுஸ்தீன் சொல்லும் ஒரு செய்தி உதவும். மலிவாய் வாங்கவும் விலை ஏற்றி விற்கவும் எல்லா மனிதருக்கும் ஆசை என்று ஒருவர் சொன்னதை அவர் எடுத்துக்கொண்டு, எல்லோருக்கும் அப்படியில்லை என்று காட்டுகிறார். அவருக்குத் தெரிந்த ஒரு மனிதரிடம் ஒரு புஸ்தகம் விலைக்கு வந்தது. விற்கிறவனுக்கு அதன் மதிப்புத் தெரியாமல் அற்ப விலை கேட்டான். அந்த மனிதரோ அவன் கேட்டதைக் கொடுத்து எடுத்துக்கொண்டு போகாமல், நியாயமான விலை எவ்வளவோ அவ்வளவையும் கொடுத்தாராம். வாங்குகிறவருக்கும் நீதி உண்டென்பதற்கு இதைவிட எளிய உதாரணம் வேண்டுமா?

பதின்மூன்றாம் நூற்றாண்டில் அர்ச். தோமாஸ் அக்குவீனாஸ் இதை ஒழுங்காக விளக்கினார். கொடுக்கல் வாங்கல் ஏற்பட்டதே இரு தரத்தாருக்கும் உதவியாக. ஆகவே அது ஒருவருக்கு மாத்திரம் பாரமாகக்கூடாது என்பது அவர் போதனை. விற்கிறவன் பொன்னைப் பித்தளை என்று எண்ணிக் கொடுத்தால், தெரிந்தே அதை வாங்கிக்கொள்கிறவன் அநியாயம் செய்கிறான். திருப்பிக் கொடுக்கக் கடமைப்பட்டிருக்கிறான் என்றும் சொல்கிறார். நமக்குப் பொன் வேண்டாம். பில் போடும்போது ஒரு சோப்புக்கட்டி விட்டுப்போகிறது. மீதிப் பணத்தில் ஐம்பது ரூபாய் அதிகமாய் வருகிறது. “அதிர்ஷ்டம்” என்று பையில் போட்டுக்கொண்டு வருகிறோமா, திருப்பிக் கொடுக்கிறோமா? அந்தக் குறைக்குப் பதில் சொல்ல வேண்டியிருப்பது பெரும்பாலும் முதலாளியல்ல, காலையிலிருந்து அந்தக் கல்லாவில் நிற்கும் ஏழைப் பெண்.

நீதியும் நன்றியும்

இங்கே ஒரு வித்தியாசத்தைக் கவனிக்கவேண்டும். நீதி வேறு; நன்றி வேறு. பட்ட கடனைக் கொடுப்பது நீதி. அதில் நமக்கு இஷ்டம் இல்லை; கொடுத்தே தீரவேண்டும். பணம் இருந்தும் கொடாமல் இழுத்தடிப்பது, பிறர் பொருளை அவர் சம்மதமின்றி வைத்துக்கொள்வதாகும். அவர் மொத்தக் கடையில் சரக்கு எடுத்ததற்குத் தவணை தவறினால், அந்த அவமானத்தில் நமக்குப் பங்குண்டு. 1960 ஏப்ரல் 1-ந் தேதி திருத்தணி ஆந்திரத்திலிருந்து சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது. அன்று ராஜ்யம் மாறியது. அதற்கு முந்தின நாள் வாங்கிய கடன் மாறிவிட்டதா? ராஜ்யத்தின் எல்லை மாறினாலே கடன் தீராதென்றால், நாம் தெருவை மாற்றி நடப்பதால் தீருமா?

நன்றியோ வேறு விதமானது. பாக்கியெல்லாம் தீர்த்தவர், “இனி நான் எங்கே வேண்டுமானாலும் வாங்குவேன்” என்று சொன்னால், நீதியின்படி அவரை யாரும் குற்றம் சொல்லமுடியாது. ஆனால் நெருக்கடியில் கைகொடுத்தவரை வசதி வந்ததும் மறப்பது மனுஷத்தன்மையா? நன்றி என்பது நீதியோடு சேர்ந்த ஒரு புண்ணியம் என்றே அர்ச். தோமாஸ் வைக்கிறார். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது நம் முன்னோர் வாக்கு. இந்த விஷயத்தில் அது எழுத்துப்படியே பொருந்துகிறது, அவர் நமக்குக் கடனாக உப்பும் தந்தவர் ஆயிற்றே! எல்லாச் சாமானும் அங்கேயே வாங்கவேண்டுமென்றில்லை. ஒரு பகுதியாவது ரொக்கமாக அங்கே வாங்கலாம். கடன் கேட்கும்போது மட்டும் போகிற வாடிக்கைக்காரராக இருக்கவேண்டாம்.

மனக்கலக்கத்துக்கு இடமில்லாமல் ஏழைகளுக்கு ஒரு வார்த்தை. ஐந்து வயிற்றுக்குச் சோறு போடவேண்டிய தாய், பாக்கியில் முடிந்ததைக் கொடுத்துவிட்டு, ஐந்து ரூபாய் மலிவென்று வேறு கடைக்கு நடந்து போனால் அது பாவமல்ல. கொடுக்க இல்லாதவரிடம் சர்வேசுரன் இல்லாததைக் கேட்பதில்லை. அவள் செய்யவேண்டியது ஒன்றே: கடைக்காரரிடம் நேரில் போய், “இவ்வளவுதான் முடிந்தது, மீதியை இன்ன தேதிக்குள் தருகிறேன்” என்று உண்மையைச் சொல்வது. ஒளிந்து நடப்பதைவிட அது இருவருக்கும் மரியாதை.

“அவர் எடை குறைக்கிறார், பழைய சரக்கைத் தள்ளுகிறார், அவரிடமும் நன்றி காட்ட வேண்டுமா?” என்று கேட்கலாம். வேண்டாம். நன்றி என்ற பெயரால் ஏமாற வேண்டுமென்று எந்தப் புண்ணியமும் சொல்லவில்லை. ஆனால் விட்டுப் போகுமுன் அவரிடம் நேரே சொல்லிவிடுங்கள். நீதிமொழிகள் நூலில் ஒருவன் வருகிறான்: வாங்கும்போது சரக்கு மட்டம் என்று இகழ்கிறான், வாங்கிக்கொண்டு போனபின் தன் சாமர்த்தியத்தை மெச்சிக்கொள்கிறான். குறை இருந்தால் சொல்வது நியாயம். விலை குறைக்கவே குறை கற்பிப்பது பொய்.

கடை வைத்திருப்போருக்கு

நம் பங்கிலும் கடை வைத்திருப்போர் உண்டு. அவர்களுக்கும் சில வார்த்தைகள். தெரிந்த ஜனங்கள், வேறெங்கும் போகமாட்டார்கள் என்ற நம்பிக்கையில் விலை ஏற்றுவது, அவர்களுடைய சிநேகத்தை விற்பதாகும். ரொக்கத்துக்கு ஒரு விலை, கடனுக்கு ஒரு விலை என்று மறைவாக வைப்பதை அர்ச். தோமாஸ் வட்டி என்றே கண்டார். கடன் கொடுப்பதால் செலவு உண்டு என்றால், வெளிப்படையாகச் சொல்லுங்கள். நோட்டில் எழுதுவதை வாங்குகிறவர் கண்முன் எழுதுங்கள். படிக்கத் தெரியாதவருக்குத் தமிழிலோ தெலுங்கிலோ வாசித்துக் காட்டுங்கள். கடையில் நிற்கும் பையனையும் பெண்ணையும் நினையுங்கள். கடைகளில் வேலை செய்வோர் உட்கார இருக்கை தரவேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-ல் சட்டம் திருத்தப்பட்டது. நாள் முழுதும் நிற்கும் காலுக்கு ஒரு முக்காலி போடச் சட்டம் வரவேண்டியிருந்தது என்பதே நாம் யோசிக்கவேண்டிய காரியம். சிறிய கடையானாலும் பெரிய கடையானாலும், வேலையாளின் உடம்பைக் கசக்கிக் கிடைக்கும் மலிவு மலிவல்ல.

போட்டி நல்லதா?

“போட்டி இருந்தால்தான் விலை இறங்கும், வெல்கிறவன் வெல்லட்டும்” என்று சிலர் பேசுகிறார்கள். 11-ம் பத்திநாதர் பாப்பரசர் 1931-ல் எழுதிய நிருபத்தில் இதற்கு அளவான பதில் தருகிறார். போட்டி தன் வரம்புக்குள் பிரயோஜனமானது. ஆனால் பொருளாதாரம் முழுவதையும் ஆள அதற்குத் தகுதியில்லை, அதற்குமேல் நீதியும் சிநேகமும் இருக்கவேண்டும் என்பது அவர் கருத்து. போட்டி இல்லாத ஊரில் ஒரே கடைக்காரர் வைத்ததே விலை. போட்டி எல்லை கடந்த ஊரிலோ, விலையை அடியோடு குறைத்து எதிரியை ஒழித்துவிட்டுப் பிறகு ஏற்றுவதற்கும் வழி உண்டு. அப்படிச் செய்வதைத் தடுக்கவே நம் நாட்டில் 2002-ல் போட்டிச் சட்டம் இயற்றினார்கள்.

மலிவு மட்டும் ஒரு கடையை நிலைநிறுத்தாது என்பதற்கு நம் ராஜ்யத்திலேயே உதாரணம் இருக்கிறது. 1997-ல் சென்னையில் தொடங்கிய சுபிக்ஷா என்ற கடைவரிசை, எப்போதும் விலை குறைவு என்ற பேரோடு நாடெங்கும் பரவி, ஏறத்தாழ 1,600 கடைகளாயிற்று. 2009-ல் பணமுடையால் அத்தனையும் மூடப்பட்டன. வேலை செய்தவர்களுக்குச் சம்பளம் நின்றது. சரக்குக் கொடுத்தவர்களுக்குப் பணம் நின்றது. வாங்கிய நமக்கு வேறு கடை இருந்தது. அதற்குள் பக்கத்துக் கடைகளெல்லாம் மூடியிருந்தால் எங்கே போயிருப்போம்?

மலிவைப் பார்க்கும்போது, மீதி விலையை யார் கொடுக்கிறார் என்றும் கேட்கவேண்டும். ரேசன் அரிசி 2011 முதல் நம் ராஜ்யத்தில் இலவசம். நமக்கு இலவசம், நாட்டுக்கு அல்ல. எல்லோர் வரிப்பணமும் அதில் இருக்கிறது. அந்த அரிசி மூட்டை மூட்டையாய் ரயிலேறி ஆந்திர எல்லையைக் கடக்கையில் பிடிபட்ட செய்தி எத்தனை முறை பத்திரிகையில் வந்திருக்கிறது! எல்லையில் வாழும் நாம் இதைக் கண்டும் காணாமல் இருக்கக்கூடாது. வேண்டாதவர் வாங்காதிருப்பது நலம். வாங்கி விற்பது ஏழையின் கலத்தில் கை வைப்பது.

நெசவாளர் கண்ட மூன்றாவது வழி

சின்னக் கடை, பெரிய கடை என்ற இரண்டு வழிதானா? மூன்றாவது வழி ஒன்று உண்டு. அதைக் கண்டவர்களும் தறியோடு பழகியவர்களே. இங்கிலாந்தில் ராச்டேல் என்ற ஊரில் 28 தொழிலாளிகள், அவர்களில் பலர் நெசவாளர், சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் 1844 டிசம்பர் 21-ந் தேதி ஒரு கடை திறந்தார்கள். விற்பனைக்கு இருந்தது மாவு, வெண்ணெய், சர்க்கரை, ஓட்ஸ், மெழுகுவர்த்தி முதலிய சிலவே. கலப்படமில்லாத சரக்கு, குறையாத எடை, ஊரிலுள்ள விலை, கடன் கிடையாது. வருஷ லாபத்தை அவரவர் வாங்கிய அளவுக்குத் தக்கபடி அங்கத்தினருக்கே பங்கிட்டார்கள். கடன் கொடுக்க மறுத்தது கல்நெஞ்சத்தால் அல்ல. கடைக்கடனில் முழுகிய குடும்பங்களை அவர்கள் கண்டிருந்தார்கள். சென்னையில் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் 1904-ல் அதே வழியில் தொடங்கிற்று. ஸ்பெயின் தேசத்தில் மொந்திராகோன் என்னும் ஊருக்கு 1941-ல் வந்த அரிஸ்மெந்தியரியெத்தா என்ற குருவானவர் வாலிபருக்குக் கைத்தொழிலும் கூட்டுறவும் போதித்தார்; அந்த இயக்கத்தைச் சேர்ந்த நுகர்வோர் கூட்டுறவு இன்று சூப்பர் மார்க்கெட்டுகளையே நடத்துகிறது. ஆகவே பெரிய கடை என்றால் ஒரு முதலாளியுடையதாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை.

நம்மால் உடனே கடை திறக்க முடியாமற் போகலாம். பத்துக் குடும்பங்கள் சேர்ந்து அரிசி மூட்டையை மொத்தமாய் எடுத்துப் பிரித்துக்கொள்ள முடியாதா? மாதம் நூறு ரூபாய் ஒதுக்கிச் சேர்த்தால், ஒரு வருஷத்தில் 1,200 ரூபாய். கடனுக்கு வாங்கும் அவசியம் பாதி குறையும். கடனில்லாதவருக்கே எங்கே வாங்குவது என்று தேர்ந்துகொள்ளும் சுதந்திரம் உண்டு.

நாம் செய்யக்கூடியது

பெனடிக்ட் என்று நாம் அழைக்கும் 16-ம் ஆசீர்வாதப்பர் பாப்பரசர் 2009-ல் வெளியிட்ட நிருபத்தில், வாங்குவது வெறும் பணக் காரியமல்ல, நன்மை தீமையைச் சேர்ந்த செயலும் ஆகும் என்று நினைப்பூட்டினார். கூடையைத் தூக்கும்போது மனச்சாட்சியை வீட்டில் வைத்துவிட்டுப் போகக்கூடாது என்பதே அதன் தாற்பரியம்.

ஆகவே மாதம் பிறந்து சம்பளம் வந்ததும், விலைப்பட்டியலைப் பார்க்குமுன் கணக்கு நோட்டைப் பாருங்கள். பழைய பாக்கி இருந்தால் முதற்காசு அதற்கே. பிறகு எடையும் தரமும் பார்த்து, நியாயமாய் ஒப்பிட்டு, எங்கே நல்லதோ அங்கே வாங்குங்கள். பாவசங்கீர்த்தனத்துக்குப் போகுமுன் ஆத்தும சோதனை செய்கையில், “நான் யாருக்காவது கொடுக்கவேண்டியதைக் கொடாமல் வைத்திருக்கிறேனா?” என்ற கேள்வியில் மளிகைக் கடையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வசதியுள்ளவர்கள், பக்கத்தில் தறி நின்றுபோன ஒரு வீட்டின் கடைப் பாக்கியைப் பேர் சொல்லாமல் தீர்த்துவைத்தால், ஒரே செலவில் இரண்டு குடும்பங்களுக்கு உதவியாகும்: கடன்பட்டவருக்கும், கடன் கொடுத்தவருக்கும்.

எங்கள் கடன்களைப் பொறுத்தருளும் என்று தினமும் பரமண்டல மந்திரத்தில் மன்றாடுகிறோம். நாம் அயலாருக்குப் பட்ட கடனைத் தீர்க்க முயன்றுகொண்டு அப்படி மன்றாடுவோமாக.